அரை நாள் தூரம்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஒக்டோபரில் நீ மெல்பேர்னுக்கு வேலை நேர்முகத்துக்குப் போய்த் திரும்பி, ஒஸ்லோவின் ரொம்சோஸில் எங்கள் குசினி மேசையில் இருந்து அந்தக் கதையைச் சொன்னாய். அன்றிலிருந்து இன்றுவரை சோறு, பனி, பஸ் என்ற மூன்றையும் தவிர வேறொன்றையும் நான் உன்னோடு கதைக்கவில்லை. இன்று மதியம் நீ அந்த ஊரிலேயே குடியேறுவதற்குப் புறப்பட்டுவிட்டாய். உன் அம்மாவும் கீழ் மாடிப் பொருளாளர் மாமாவும் உன்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். நான் வரவில்லை. முதுகு நோகிறது என்றேன். என் முதுகுக்கு ஒன்றும் இல்லை என்பது உனக்கும் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும், உன் பெட்டிகளை ஒரு கையால் தூக்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்த அந்த மாமாவுக்கும் தெரியும். நீ போய் இறங்கப்போவது உன் சித்தப்பாவின் வீட்டில். வேறு வீடு எடுக்கும்வரை அங்கேதான் இருப்பாய் என்று சொன்னாய். என் தம்பியின் வீட்டுக்கு என் மகனை வழியனுப்பி வைக்க என்னால் முடியவில்லை. அதனால் நீ வானத்தில் இருக்கிற இந்த நேரத்தில் இதை எழுதத் தொடங்குகிறேன். நீ இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும்.

பொருளாளர் மாமா திரும்பி வந்து எங்கள் வாசலில் சப்பாத்தின் பனியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. உலகம் சுருங்கிப் போச்சு." என்னைவிட இரண்டே இரண்டு வாக்குக் கூடுதலாக எடுத்துத் தமிழ்ச் சங்கத்துக்குப் பொருளாளராக வந்த மனிதர். அவருடைய கூட்டல் கழித்தலைப் பற்றி நான் ஏற்கெனவே ஒரு பொதுக்கூட்டத்தில் சொல்லிவிட்டேன், இங்கே திரும்பச் சொல்லவில்லை. ஆனால் உலகம் சுருங்கவில்லை. நான் கணிதம் படித்தவன். பூமியின் சுற்றளவு உன் அப்பப்பாவின் காலத்தில் எவ்வளவோ, இன்றைக்கும் அவ்வளவுதான். ஒஸ்லோவிலிருந்து மெல்பேர்னுக்கு மிகக் குறுகிய வழியில் போனாலும் ஏறக்குறைய பதினாறாயிரம் கிலோமீற்றர். அந்த வழியில் எந்த விமானமும் உன்னைக் கொண்டுபோகாது. லண்டனில் இறக்கி, சிங்கப்பூரில் இறக்கி, வளைத்து வளைத்துத்தான் கொண்டுபோகும். தூரம் மனதில்தான் இருக்கிறது என்று யாராவது உனக்குச் சொன்னால், அவர் அவசரத்துக்கு ஒரு ரிக்கற் எடுத்து அறியாதவர் என்று நினைத்துக்கொள். தூரம் மனதில் இல்லை. தூரம் பூமியில் இருக்கிறது. மனதில் இருப்பது வேறு.

பேர்கனில் நீ படித்த காலத்தை நினைத்துப் பார். ஒஸ்லோவிலிருந்து பேர்கனுக்கு விமானத்தில் ஐம்பது நிமிடம் என்று அம்மாவுக்குச் சொல்லி அவளைச் சந்தோஷப்படுத்தினாய். அவள் பக்கத்து அம்மருட்டில் இருக்கிற தன் சிநேகிதிகளுக்கெல்லாம் அதையே சொன்னாள்: பிள்ளை ஐம்பது நிமிடத்தில்தான் இருக்கிறான், சோறு போட்டு வைத்தால் ஆறுவதற்குள் வந்துவிடுவான். முதல் நத்தார் விடுமுறைக்கு நீ வந்த அன்று அவள் உண்மையாகவே அப்படித்தான் சோறு போட்டு வைத்தாள். உன் அறையிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து விமான நிலையம், அங்கே வரிசை, பிறகு காற்று என்று ஒரு தாமதம், இங்கே இறங்கி ரயில், ரயிலிலிருந்து சுரங்க ரயில், கடைசியில் எங்கள் மேட்டில் ஏறுகிற நடை. நீ கதவைத் தட்டியபோது சோறு மூன்று முறை சூடாக்கப்பட்டுவிட்டது. அடுத்த முறை நீ மலைகளுக்கு மேலால் போகிற ரயிலிலேயே வந்தாய். ஏழு மணித்தியாலம் என்று சொன்னாய், ஏழு மணித்தியாலத்தில் வந்தாய். அன்றைக்கு நான் உன்னைப் பாராட்டியிருக்க வேண்டும். "இப்பதான் உனக்கு அப்பப்பாவின்ரை இரத்தம் எண்டு தெரியுது" என்று ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. அதற்குள் அவரைப் பற்றிய மற்ற நினைவும் வந்ததால் சொல்லவில்லை.

உன் அப்பப்பா ஸ்டேசன் மாஸ்டர். வடக்குப் பாதையில் எத்தனையோ நிலையங்களில் வேலை பார்த்தவர். யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடாமல் போன பிறகு கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் உன் சித்தப்பாவோடு இருந்தார். ஓடாத ரயில்களின் நேர அட்டவணையை அப்போதும் மனப்பாடமாக வைத்திருந்தார். இந்த நேரம் இன்ன வண்டி கொடிகாமம் தாண்டியிருக்கும் என்று தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்வாராம். அச்சில் இருக்கிற நேரத்தை அவர் நம்பினார். மனிதர்களை அந்த அளவுக்கு நம்பவில்லை. நாங்கள் அவரை ஐயா என்று கூப்பிட்டோம். அவரும் எங்களை ஏதோ இரண்டு பெட்டிகள்போலச் சரியாகக் கொளுவி, சரியான நேரத்தில் அனுப்பிவைத்தார். என்னை முதலில் நோர்வேக்கு. தம்பியை எப்போது எங்கே அனுப்புவது என்று கடைசிவரை தீர்மானிக்கவில்லை.

நான் இங்கே வந்து முதல் ஐந்து வருடம் என்ன வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்துப் பட்டத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பழைய ஃபோர்ணெபு விமான நிலையத்தில் விமானங்களின் உட்புறத்தைத் துடைத்தேன். அந்த ஐந்து வருடமும் நான் விமானத்துக்குள் போனது அது நிலத்தில் நின்றபோதுதான். பிறகு இந்த நகராட்சி எனக்கு ஒரு மேசையும் நாற்காலியும் தந்தது, எனக்குப் பின்னால் வந்த இரண்டு இளைஞர்களுக்கு அதைவிடப் பெரிய மேசையும் தந்தது. அதை நான் மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. அது வேறு கதை. விமானத்து இருக்கைப் பைகளில் பயணிகள் விட்டுப்போகிற சஞ்சிகைகள் இருக்கும். அவற்றின் கடைசிப் பக்கத்தில் உலகப்படம் ஒன்று இருக்கும், ஒஸ்லோவிலிருந்து நாலாபக்கமும் சிவப்புக் கோடுகள் வளைந்து போகும். ஒருநாள் அந்தப் படத்தைக் கிழித்து எடுத்துவந்து, கொழும்புக்கு நானே ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டின்மேல் பேனாவால் "பன்னிரண்டு மணித்தியாலம்" என்று எழுதி ஐயாவுக்கு அனுப்பினேன். நான் பொய் எழுதவில்லை. வானத்தில் இருக்கிற நேரத்தைக் கூட்டினால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். கீழே ஒரு வரியும் எழுதினேன்: "வரச்சொன்னால் அரை நாளில் வந்து நிற்பேன், யோசிக்க வேண்டாம்." அவர் அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டினார். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் காட்டினார். மூத்தவன் அரை நாள் தூரத்தில் இருக்கிறான் என்றார். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற நேரத்தைவிடக் குறைவு என்று கணக்குச் சொன்னார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

நீ பள்ளிக்கூடத்தில் நடுவகுப்பில் இருந்தபோது, ஒரு மாசி மாதக் காலையில் தம்பி தொலைபேசி எடுத்தான். "அண்ணை, ஐயா மோசம் போயிட்டார்" என்றான். இன்றைக்கே வெளிக்கிடுகிறேன், உடலை வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். எங்கள் ஆட்களின் முறை உனக்குத் தெரியும். தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும், தாய்க்கு இளையவன். என் அம்மா எப்போதோ போய்விட்டாள், அவளுக்குத் தம்பி வைத்துவிட்டான். ஐயா என்னுடைய பங்கு. அன்று பின்னேரம் ஃபோர்ணெபுவில் பனி கொட்டி ஓடுபாதையை மூடிவிட்டது. அடுத்த நாள் காலைதான் விமானம் எழும்பியது. அதனால் அடுத்த இணைப்பைத் தவறவிட்டேன். பிறகு ஒரு வளைகுடா நகரத்து விமான நிலையத்தில், கம்பளத்தில் படுத்திருந்த தொழிலாளர்களுக்கு நடுவில், ஒரு முழுப் பகலும் குந்தியிருந்தேன். அங்கே தொலைபேசி இருந்தது. எடுத்திருக்கலாம். வருகிறேன் என்று சொன்னவன் வருவான், அதை எதற்குத் திரும்பத் திரும்பச் சொல்வது என்று நினைத்தேன். நாலாம் நாள் விடிய வெள்ளவத்தையில் படியேறினேன். கதவு திறந்திருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது. மீசை மழித்த முகத்தோடு தம்பி வந்து நின்றான். முந்தின நாள் பின்னேரமே எல்லாம் முடிந்துவிட்டது.

கொழும்பில் மலர்ச்சாலை இருக்கிறது. உடலுக்கு மருந்தேற்றி அங்கே ஒரு கிழமையும் வைத்திருக்கலாம். கனடாவிலிருந்து பிள்ளை வரும்வரை நாலு நாள் வைத்திருந்த வீடுகளை எனக்குத் தெரியும். அப்படியிருக்க இவனுக்கு என்ன அவசரம்? அதைத்தான் நான் கேட்டேன். வந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்கத்தான் கேட்டேன். "ஐயாவை எரிக்க உனக்கு அவ்வளவு அவசரமோ? ஒஸ்திரேலியாக் கடுதாசி வந்திட்டுதோ?" அவன் என் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான். "அண்ணை, குளிச்சிட்டுச் சாப்பிடுங்கோ" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அவனோடு கதைக்கவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வருடம் அவனுக்கு உண்மையாகவே ஒஸ்திரேலியாவுக்கு அனுமதி கிடைத்தது, நான் நினைத்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது பதினொரு வருடம். இடையில் அவன் கலியாணம் முடித்தான், நான் போகவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள், படம் அனுப்பினான், உன் அம்மா குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள், நான் பால் எடுக்கும்போது பார்க்காமல் எடுக்கப் பழகிக்கொண்டேன். யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆண்பிள்ளையைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள், நான் உன்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, காரணம் இதுதான். ஐயாவின் திவசம்கூட எனக்கு ஒரு மனக்குறை. மெல்பேர்னில் பொழுது எங்களைவிட எட்டு மணித்தியாலமோ பத்து மணித்தியாலமோ முந்தி விடிகிறது. நான் எழும்பிக் குளித்து இலை போடுகிற நேரத்தில் அவன் படைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவியிருப்பான். கொள்ளியிலும் முந்தினான், ஒவ்வொரு வருடமும் திவசத்திலும் முந்துகிறான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "பூமி சுத்திறதுக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்?" என்றாள். அவள் எப்போதும் அவன் பக்கம்.

இனி அந்த ஒக்டோபர் மாலை. நீ பயணக் களைப்போடு மேசையில் இருந்தாய். சித்தப்பா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன் என்று தொடங்கினாய். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "ஸ்லாப் ஆவ், அப்பா" என்றாய், ஆறுதலாக இருங்கள் என்று இந்த நாட்டுப் பிள்ளைகள் பெற்றாருக்குக் கட்டளையிடுகிற அதே குரலில். "சித்தப்பா உங்களைக் குறை சொல்லேல்லை. நான்தான் கேட்டனான், ஏன் காத்திருக்கேல்லை எண்டு." எனக்குத் துணிவில்லாத கேள்வியை, விருந்தாளியாகப் போன வீட்டில், சோற்றுக் கோப்பைக்கு மேலால் நீ கேட்டிருக்கிறாய். அவன் அப்போதுதான் சொன்னானாம். ஆஸ்பத்திரியில் கடைசி இரவு ஐயாவின் பக்கத்தில் அவன் மட்டும்தான் இருந்தான். மூச்சு வாங்கிக்கொண்டு ஐயா ஒழுங்கு சொல்லியிருக்கிறார். நீ அவர் குரலைக் கேட்டு வளர்ந்தவன் இல்லை, ஆனால் அவன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாய், அதில் எனக்கு அவருடைய குரல் கேட்டது.

"மூத்தவன்ரை ஓட்டம் பன்னிரண்டு மணித்தியாலம். பிந்தினால் இன்னொரு மடங்கு பாருங்கோ. அதுக்கும் வராட்டில் அது பிந்தின வண்டி இல்லை, நிப்பாட்டின வண்டி. கைகாட்டியை இறக்கி அடுத்ததை விடுங்கோ."

அந்தச் சட்டத்தை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவருடைய மேசைக்குக் கீழே விளையாடியபோது எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தன் ஓட்ட நேரத்தைவிடக் கூடுதலாகப் பிந்திய வண்டியை அவர் கணக்கில் வைத்திருக்க மாட்டார், பாதையை அடுத்த வண்டிக்குக் கொடுத்துவிடுவார். தம்பி பன்னிரண்டு மணித்தியாலம் பார்த்தான். இன்னொரு மடங்கு பார்த்தான். அதற்கு மேலும் அடுத்த நாள் பின்னேரம்வரை, ஐயா சொன்னதை மீறிப் பார்த்திருக்கிறான். பிறகு கைகாட்டியை இறக்கினான், கொள்ளியைத் தானே வைத்தான். அந்தப் பன்னிரண்டு ஐயாவின் கணக்கும் இல்லை, தம்பியின் கணக்கும் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த படத்தில், என் கையால், என் பேனாவால் எழுதியது. இதை ஏன் அப்பாவுக்கு இவ்வளவு காலம் சொல்லவில்லை என்று நீ கேட்டாயாம். "அண்ணை எழுதின கணக்கெண்டு அண்ணைக்கு நான் எப்பிடிச் சொல்லுறது?" என்றானாம்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "சோறு ஆறுது, சாப்பிடு" என்றேன். பிறகு பால்கனிக்குப் போய் நின்றேன். நீ நான் நம்பவில்லை என்று நினைத்திருப்பாய், அல்லது நான் உடைந்துபோனேன் என்று. இரண்டும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அதை உனக்கு மறைக்க மாட்டேன், நீ வளர்ந்த ஆள். அவன் என் உரிமையைத் திருடினான் என்று பதினொரு வருடம் நினைத்திருந்தேன், அந்த நினைப்பில் எனக்கு ஒரு நிமிர்வு இருந்தது. இப்போது பார்த்தால் அவன் திருடவில்லை, என்னைக் காப்பாற்றியிருக்கிறான். ஊர் முழுக்கக் கேட்க நான் ஏசியபோது ஒரு வசனத்தில் என் வாயை மூடியிருக்கலாம், அந்த வசனத்தை விழுங்கிவிட்டு என்னைக் குளிக்கச் சொல்லியிருக்கிறான். திருடனை ஒருநாள் மன்னிக்கலாம். இரக்கப்பட்டவனை மன்னிப்பது அதைவிடக் கடினம். அதுவும் அந்த இரக்கத்தைக் கடைசியில் என் மகனிடம் சொல்லிவிட்டான். சொல்லாமல் இருக்கத் தெரிந்தவன் கடைசிவரை சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். இந்தக் குறையை நான் இன்னும் கைவிடவில்லை, கைவிடுவதாக உத்தேசமும் இல்லை. அவன் என்னை ஒரு முறை, ஒரே ஒரு முறை, திருப்பி ஏசியிருக்கலாம்.

இது ஞாயிறு காலை. வெளியே வெளிச்சம் வந்துவிட்டது, எதிர்க் கட்டடத்துக் கூரையிலிருந்து ஆட்கள் பனியைத் தள்ளி விழுத்துகிறார்கள். நீ இப்போது இந்து சமுத்திரத்துக்கு மேலே எங்கேயோ இருப்பாய். சனி மதியம் வெளிக்கிட்டவன் அங்கே திங்கள் விடியப் போய் இறங்குவாய், நடுவில் உன் ஞாயிற்றுக்கிழமையை யாரும் உனக்குத் திருப்பித் தரப்போவதில்லை. வானத்தில் மட்டும் இருபது மணித்தியாலத்துக்கு மேலே, காத்திருப்பையும் சேர்த்தால் ஒன்றேகால் நாள். பொருளாளர் மாமா இருபது என்ற எண்ணைத்தான் உன் அம்மாவுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். நான் திருத்தினேன். அவள் முகம் வாடியது, பரவாயில்லை. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான், மற்றதெல்லாம் நீ என்னைவிட நன்றாகப் படித்தவன். பறக்கிற நேரத்தை ஒருநாளும் யாருக்கும் தூரமாகச் சொல்லாதே. காத்திருக்கிற நேரத்தையும், பனி கொட்டுகிற நேரத்தையும், லீவு தராத முதலாளியையும், ரிக்கற் விலையையும் சேர்த்துச் சொல். அம்மா தொலைபேசியில் அழுதாலும் உண்மையான எண்ணைச் சொல். குறைத்துச் சொன்ன எண்ணை நாங்கள் மறந்துவிடுவோம். கேட்டவர்கள் அதைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு கைகாட்டிக்குப் பக்கத்தில் நிற்பார்கள்.

என் விஷயத்தில் நீ பயப்படத் தேவையில்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் பிணத்துக்கு அவசரமில்லை. ஒரு கிழமை கழித்துத்தான் எடுப்பார்கள், அதுவரை நல்ல குளிரில் மரியாதையாக வைத்திருப்பார்கள். என்னை நாலு நாள் தாண்டி வந்து பார்த்தாலும் நான் அப்படியே இருப்பேன், ஒருவேளை இப்போதையதைவிடச் சாந்தமாக. ஆகவே அந்தப் பயணத்துக்காக நீ மூச்சு வாங்க ஓடிவர வேண்டாம். தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டு ஆறுதலாக வா. உயிரோடு இருக்கிற ஆட்களை அப்படிக் குளிரில் வைத்துப் பாதுகாக்க இந்த நாட்டிலும் வசதி இல்லை. அதைமட்டும் கணக்கில் எடு.

இன்னொன்று. சித்தப்பா வீட்டில் என் பக்கம் நின்று வழக்காடாதே. என் கோபத்தைப் பதினாறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் சுமந்துகொண்டுபோய் அங்கே இறக்கிவைக்க உனக்கு உரிமை இல்லை, அது என் சொந்தச் சாமான். அவனுடைய பிள்ளைகளுக்கு நீ அண்ணா. அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடு. அவன் ஐயாவைப் பற்றிக் கதைத்தால் கேள். எனக்குத் தெரியாத கடைசி வருடங்கள் அவனிடம்தான் இருக்கின்றன.

மதியம் சாப்பிட்டபிறகு உன் அறைக்குப் போனேன். உள்ளே விளக்கு எரிகிற உன் பழைய பூமி உருண்டை இன்னும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அதை இறக்கித் துடைத்து, அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து, ஒஸ்லோவிலிருந்து மெல்பேர்னுக்கு இழுத்துப் பிடித்தேன். நூல் ரஷ்யாவுக்கு மேலால் போய்ச் சீனாவின் தெற்கால் இறங்கியது. கொழும்பு அந்தக் கோட்டில் இல்லை, வெகு தூரம் விலகி நிற்கிறது. பிறகு ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, நூலின் ஒரு நுனியைக் கொழும்பில் வைத்து ஒஸ்லோவரை அளந்து, நகத்தால் பிடித்துக்கொண்டு, அதே நீளத்தை மெல்பேர்ன் பக்கம் திருப்பினேன். நூல் நேரே மெல்பேர்னில் போய் நின்றது. ஒரு நெல்லின் அகலம்கூடக் குறையவில்லை என்று சொல்லலாம். நம்பாமல் கணினியிலும் பார்த்தேன். இரண்டும் எண்ணாயிரத்துச் சொச்சம். ஐயாவை எரித்த ஊரிலிருந்து அவனும் நானும் ஒரே தூரத்தில் இருக்கிறோம், எதிரெதிர்ப் பக்கங்களில். பதினொரு வருடமாக நான்தான் தூரத்தில் இருந்தவன், அவன் கிட்ட இருந்தவன் என்று வழக்கு வைத்திருந்தேன். ஐயா செத்த அன்றைக்கு அது உண்மை. அடுத்த வருடத்திலிருந்து உண்மை இல்லை. கணிதம் படித்தவன், இதை எப்போதோ அளந்து பார்த்திருக்க வேண்டும்.

இப்போதுதான் தொலைபேசி வந்தது. ஞாயிறு பின்னேரம், அங்கே விடிகாலை. உன் அம்மா ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தாள். நீ வந்து சேர்ந்துவிட்டாய் என்று நீயே சொன்னாய், குரல் களைத்திருந்தது, எனக்கும் கேட்டது. பிறகு வாகனக் கதவு சாத்துகிற சத்தம். பிறகு அவன் குரல். பதினொரு வருடத்தில் அது கொஞ்சம் கரகரத்து, ஐயாவின் குரலின் பக்கத்துக்கு வந்துவிட்டது.

"அண்ணி, அண்ணை பக்கத்திலை நிக்கிறாரோ?"

உன் அம்மா என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல் எனக் கையைக் காட்டினேன். அவள் கலியாணம் முடித்த நாளிலிருந்து எனக்காக ஒரு பொய் சொன்னதில்லை. "நிக்கிறார் தம்பி. கை காட்டுறார்" என்றாள்.

அவன் சிரித்தான். "அப்ப ஸ்டேசன் மாஸ்டரின்ரை மூத்த மகனுக்குச் சொல்லுங்கோ, வண்டி வந்து சேர்ந்திட்டுது. முக்கால் மணித்தியாலம் பிந்தி. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

நான் எழும்பி உன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இந்த மிச்சத்தை எழுதுகிறேன்.

கடிதம் முடிந்தது. கீழே பெயர் போடுகிற இடத்தில் பேனாவைக் கனநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா என்று போட்டால் இது உனக்கு மட்டும் வந்த கடிதம், அவன் மரியாதைக்கு உறையைத் தொடாமல் உன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவான். அண்ணை என்று போட என் கை இன்னும் இணங்கவில்லை, இணங்கும்போது வேறு கடிதம் எழுதுவேன். ஆகவே ஒன்றும் போடவில்லை. உறையின்மேலும் உன் பெயர் எழுதவில்லை, அவன் பெயரும் எழுதவில்லை. ஐயாவின் பெயரை எழுதியிருக்கிறேன். இந்த நாட்டில் உன்னைப் பதிந்தபோது அதைத்தான் உனக்குக் கடைசிப் பெயராகக் கொடுத்தேன், அவனுக்கும் அந்த நாட்டில் அதுதான் கடைசிப் பெயர். அந்த வீட்டுக்கு ஒரு தபால் பெட்டிதான் இருக்கும். முதலில் கையில் எடுக்கிறவர் உடைக்கட்டும். எழுத்தைப் பார்த்தாலே இரண்டு பேருக்கும் தெரியும்.

நாளை காலை வேலைக்குப் போகிற வழியில் சிவப்புப் பெட்டியில் போடுகிறேன். எத்தனை நாளில் வந்து சேரும் என்று நான் சொல்லப்போவதில்லை.